எவோராவை ஒரே நாள்ல நடந்து பாக்குறது எப்படி: பாதி கைடோட, பாதி நீங்களாவே

போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பன்ல இருக்குறதால ஊர்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ், இங்க புதுசா படிக்க வந்த பசங்கன்னு நிறைய பேரை மதில் சூழ்ந்த பழைய ஊரான எவோராவுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன், கூட போக முடியாதவங்களுக்கு வழி எழுதிக் குடுத்து அனுப்பியும் இருக்கேன். கிட்டத்தட்ட எல்லாரும் தடுமாறுறது ஒரே விஷயத்துல தான், வரிசை. ஊர் சின்னது, மதிலுக்குள்ள எல்லாமே நடக்குற தூரம், அதனால எங்க ஆரம்பிச்சா என்னன்னு நினைச்சுடுறாங்க. ஆனா மேடு எந்தப் பக்கம், வெயில் எப்போ எந்தத் தெருவுல விழுது, லிஸ்பன் டூர் பஸ் கூட்டம் எப்போ வந்து இறங்குது, எது எப்போ மூடுறாங்க, இந்த நாலையும் பாத்து வரிசை போடலன்னா மத்தியானம் மூணு மணிக்கு கால் வலியோட பூட்டுன கதவு முன்னாடி நிப்பீங்க.

இன்னொன்னு, கைடு டூர் மட்டும் போனா போதும்னு நினைக்காதீங்க, கைடே வேணாம்னும் நினைக்காதீங்க. வெளியில நின்னு கதை கேக்க வேண்டிய இடமெல்லாம் கைடோட, டிக்கெட் எடுத்து உள்ள போய் நிதானமா பாக்க வேண்டியதெல்லாம் நீங்களா. கீழ இருக்குறது அந்த மாதிரி பிரிச்ச வரிசை.

1. முதல்ல நாளை முடிவு பண்ணுங்க

செவ்வாய்ல இருந்து வெள்ளிக்குள்ள ஒரு நாள் எடுங்க. திங்கக்கிழமை மியூசியம் லீவு. சனி ஞாயிறுல முனிசிபல் ஆபீஸ் கட்டடத்துக்குள்ள இருக்குற ரோமன் குளியல் மண்டபம் பாக்க முடியாது, ஏன்னா அது ஆபீஸ் நாள்ல மட்டும் தான் திறந்திருக்கும். ஞாயிறு காலையில கதீட்ரல்ல பூசை நடக்கும், அந்த நேரம் சுத்திப் பாக்க விட மாட்டாங்க.

மாசம்னு பாத்தா மார்ச் கடைசில இருந்து மே வரைக்கும், அப்புறம் அக்டோபர். ஜூலை ஆகஸ்ட்ல எவோரா இருக்குற அலென்தேஜோ பகுதியில வெயில் 40 டிகிரி வரைக்கும் ஏறும், நம்ம ஊர் வெயில் பாத்தவங்க தானே நாமன்னு கிளம்பாதீங்க, சுத்திலும் வெள்ளைச் சுவர், கருங்கல் தரை, மதியம் தெருவுல ஒரு ஆள் இருக்க மாட்டாங்க. அந்த மாசத்துல தான் போக முடியும்னா கீழ சொல்ற மத்தியான வரிசையை அப்படியே கடைப்பிடிங்க, மதியம் முழுக்க கூரைக்குக் கீழ இருக்குற மாதிரி தான் போட்டிருக்கேன். டிசம்பர் ஜனவரின்னா அஞ்சேகால் அஞ்சரைக்கே இருட்டிடும், அப்போ அக்வடக்டை, அதாவது ஊருக்குத் தண்ணி கொண்டு வந்த பழைய கல் வளைவு வரிசையை, நாலு மணிக்கு முன்னாடி கொண்டு வந்துடுங்க.

2027ல எவோரா ஐரோப்பிய கலாச்சாரத் தலைநகர், அந்த வருஷம் போறீங்கன்னா எல்லாத்தையும் இன்னும் முன்னாடியே புக் பண்ணிடுங்க.

2. போறதுக்கு ட்ரெயின், வர்றதுக்கு பஸ்

லிஸ்பன்ல ஒரியென்ட், என்ட்ரெகாம்போஸ், செட்டே ரியோஸ் மூணு ஸ்டேஷன்லயும் இன்டர்சிடாடெஸ் ட்ரெயின் நிக்கும், ஒன்றரை மணி நேரத்துல எவோரா. ஒரு நாளைக்கு சில ட்ரெயின் தான், அதனால காலையில முதல் ட்ரெயினை விட்டா நாளோட திட்டமே கலைஞ்சுடும். சில நாள் முன்னாடியே வாங்குனா விலை நல்லாவே குறையும். அம்மா அப்பாவுக்கு 65 வயசு ஆயிருந்தா பாதி விலை டிக்கெட் எடுக்கலாம், ட்ரெயின்ல செக் பண்றவர் வயசுக்கு ஆதாரம் கேப்பாரு, பாஸ்போர்ட்டைக் கையில வெச்சுக்கச் சொல்லுங்க. இதைத் தெரியாம முழு விலை குடுத்து வந்தவங்க நிறைய பேர்.

பஸ் செட்டே ரியோஸ் பஸ் ஸ்டாண்ட்ல இருந்து கிளம்பும், அதுவும் கிட்டத்தட்ட அதே நேரம் தான், ஆனா அடிக்கடி இருக்கு. அதனால தான் திரும்புறதுக்கு பஸ்ஸுன்னு சொல்றேன், சாயங்காலம் ஒரு இடத்துல அரை மணி நேரம் கூட நின்னுட்டாலும் பதட்டம் இல்ல, அடுத்த பஸ் பிடிக்கலாம்.

இன்னொரு காரணமும் இருக்கு. ரயில்வே ஸ்டேஷன் ஊருக்குத் தெக்கால, பஸ் ஸ்டாண்ட் மேக்கால, ரெண்டுமே மதிலுக்கு வெளியில. தெக்கால நுழைஞ்சு, மேல ஏறி, வடக்கால அக்வடக்டைப் பாத்துட்டு, மேக்கால வெளிய வந்தா கிட்டத்தட்ட எந்தத் தெருவையும் ரெண்டு தடவை நடக்க வேண்டியதில்ல.

3. டூர் புக் பண்றதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது

எவோரால மூணு வகை டூர் இருக்கு. டிப்ஸ் மட்டும் வாங்குற ஃப்ரீ வாக்கிங் டூர், ஆளுக்கு இவ்வளவுன்னு காசு வாங்குற சின்ன குரூப் டூர், அப்புறம் உங்க குடும்பத்துக்கு மட்டும் வர்ற பிரைவேட் கைடு. மூணுலயும் நல்லவங்க இருக்காங்க. ஆனா புக் பண்றதுக்கு முன்னாடி இதைக் கேட்டுடுங்க:

உள்ள எங்கெல்லாம் கூட்டிட்டுப் போவீங்க? ஃப்ரீ டூர்னா டிக்கெட் வாங்குற எந்த இடத்துக்குள்ளயும் போக மாட்டாங்க, வாசல்ல நின்னு சொல்லிட்டு நகந்துடுவாங்க. இது தெரியாம டூர்லயே எலும்பு சேப்பல், அதாவது சுவர் முழுக்க மனுஷ எலும்பு பதிச்ச சின்ன வழிபாட்டு ரூம், உள்ள பாத்துடலாம்னு நம்பி வர்றவங்க தான் அதிகம், டூர் முடிஞ்சதும் ட்ரெயினுக்கு நேரமாச்சுன்னு பாக்காமலே போயிடுறாங்க.

எந்த மொழியில? ஸ்பெயின்காரங்க நிறைய வர்ற ஊர், ஒரே நேரத்துக்கு ஸ்பானிஷ் குரூப்பும் இங்கிலீஷ் குரூப்பும் இருக்கும். ரெண்டு மொழியும் கலந்து ஒரே குரூப்பா நடத்துறாங்கன்னா அதை விட்டுடுங்க, கேக்குற கதை பாதியாயிடும்.

எங்க முடியும்? இது யாருமே கேக்குறதில்ல, ஆனா மத்தியானச் சாப்பாடு இதுல தான் நிக்குது. சிலது ரோமன் கோயில்கிட்ட முடியும், சிலது எலும்பு சேப்பல் வாசல்ல முடியும்.

ஆள் குறைஞ்சா கேன்சல் ஆகுமா? குளிர்காலத்துல ஆகும். முந்தின நாள் சாயங்காலம் ஒரு மெசேஜ் போட்டு உறுதி பண்ணிக்கோங்க.

நேரம் பத்து, பத்தரை மாதிரி காலையில வர்றதை எடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, அதை அஞ்சாவதுல சொல்றேன்.

4. கால்ல போடுறது, பைல வைக்கிறது

தெருவெல்லாம் கல் பதிச்சது. வருஷக்கணக்கா ஜனங்க நடந்து நடந்து கல்லு வழவழன்னு ஆயிருக்கு, மழை ஒரு தூறல் விழுந்தா போதும் வழுக்கும். பழைய ஷூ, அடியில கிரிப் தேயாதது. புது ஷூ போட்டுட்டு வராதீங்க, செருப்பு வேணவே வேணாம். பாட்டி தாத்தா வந்தா ஒரு வாக்கிங் ஸ்டிக் கொண்டு வரச் சொல்லுங்க, வீட்ல பயன்படுத்தாதவங்களுக்குக் கூட இந்தக் கல்லுல அது உதவும். குழந்தை வண்டின்னா பெரிய சக்கரம் இருக்குறது, இல்லன்னா தூக்குற பை.

தண்ணி பாட்டில் ஒன்னு போதும், குழாய்த் தண்ணியே குடிக்கலாம், காபி குடிக்கிற கடையில நிரப்பிக்கலாம். தொப்பி. தோளை மூடுற ஒரு துப்பட்டா இல்ல சட்டை, சர்ச்சுக்குள்ள மரியாதைக்கு. கொஞ்சம் பணம் நோட்டாவே கையில இருக்கட்டும், டிப்ஸுக்கு ஆளுக்கு பத்து யூரோ வரைக்கும் குடுக்குறது வழக்கம், கார்டு மட்டும் வெச்சுக்கிட்டு கடைசியில கைடு முன்னாடி சங்கடப்படாதீங்க. ரெண்டு மணி நேரம் வெயில்ல தொண்டை கிழியப் பேசுறவங்களுக்கு அது தான் சம்பளம்.

5. ஸ்டேஷன்ல இருந்து நேரா எலும்பு சேப்பல்

ஸ்டேஷன் சுவர்லயே நீல ஓடு ஓவியங்கள் இருக்கு, இறங்குனதும் ரெண்டு நிமிஷம் நின்னு பாருங்க. அப்புறம் நேரா வடக்கால நடந்தா மதிலைத் தாண்டி ருவா தா ரெபூப்ளிகாங்கிற தெரு, அதுலயே போனா ஸ்டேஷன்ல இருந்து மொத்தம் கால் மணி நேரத்துல இடது பக்கம் சாவ் பிரான்சிஸ்கோ சர்ச். லேசான ஏத்தம் தான். டாக்ஸி தேவையில்ல, முட்டி வலி இருக்குறவங்களுக்கு மட்டும் போட்டுக்குடுங்க.

இந்த சர்ச்சை ஒட்டினது தான் எலும்பு சேப்பல். ஒன்பது மணிக்குத் திறப்பாங்க. முதல்லயே இதைப் பாக்கச் சொல்றதுக்குக் காரணம், அந்த ரூம் சின்னது. பதினோரு மணிக்கு மேல லிஸ்பன் பஸ்ஸுங்க வந்துடும், அப்புறம் உள்ள நகரவே முடியாது, எல்லாரும் ஃபோனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க, அந்த இடத்துல இருக்க வேண்டிய அமைதி துளியும் இருக்காது. காலையில போனா நீங்களும் இன்னும் ரெண்டு பேரும் தான்.

17ஆம் நூற்றாண்டுல பிரான்சிஸ்கன் துறவிகள் கட்டுனது. ஊர்ல இருந்த பழைய கல்லறைகள் இடத்தை அடைச்சுக்கிட்டிருந்ததால அங்கிருந்த எலும்புகளை எடுத்து சுவரு, தூணு எல்லாத்துலயும் பதிச்சுட்டாங்க, சுமார் 5000 பேரோடதுன்னு சொல்றாங்க. வாசல் மேல எழுதியிருக்குறதோட அர்த்தம், இங்க இருக்குற எலும்புகளாகிய நாங்க உங்க எலும்புகளுக்காகக் காத்துட்டிருக்கோம்னு. நுழையறதுக்கு முன்னாடி அதைப் படிச்சுட்டுப் போங்க, ஏன்னா அந்தத் துறவிகள் பயமுறுத்துறதுக்குக் கட்டல, நின்னு யோசிக்கறதுக்குக் கட்டுனாங்க, அது தெரிஞ்சு போனா பாக்குற விதமே மாறிடும்.

சின்னப் பசங்க இருந்தா முந்தின நாளே சொல்லி வைங்க, உள்ள என்ன இருக்குன்னு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள காஞ்சுபோன உடல் ரெண்டு இருக்கு, அதைத் தெரியாம திடீர்னு பாத்து அழுத பசங்களைப் பாத்திருக்கேன். வேணாம்னா ஒருத்தர் பசங்களோட மேல மாடிக்குப் போயிடலாம், அதே டிக்கெட்ல அங்க ஏசு பிறப்புக் குடில்களோட பெரிய கலெக்‌ஷன் இருக்கு, களிமண்ணு, மரம், கார்க்குன்னு விதவிதமா. எலும்பைப் பாத்துட்டு எல்லாருமே மேல போய் அதையும் பாருங்க, மனசு லேசாகும்.

மொத்தமா நாப்பது நிமிஷம் போதும். வெளியில வந்தா எதிர்லயே மார்க்கெட், சுத்திலும் காபி கடை. காபி குடிச்சுட்டு டாய்லெட்டும் இங்கயே போயிடுங்க, அடுத்த ரெண்டு மணி நேரம் டூர்ல நடுவுல விலகிப் போக முடியாது.

6. சதுக்கத்துல கைடை சந்திக்கிறது

சர்ச்சுல இருந்து ருவா தா ரெபூப்ளிகாவுலயே மேல அஞ்சு நிமிஷம், பிராசா தோ ஜிரால்தோ சதுக்கம். பெரும்பாலும் டூர் இங்க தான் ஆரம்பிக்கும், நடுவுல இருக்குற பளிங்கு ஊற்றுகிட்ட. பத்து நிமிஷம் முன்னாடியே போயிடுங்க. ஒரே நேரத்துல மூணு நாலு குரூப் நிக்கும், குடை கலர், கைடு பேரு ரெண்டையும் புக்கிங்ல பாத்து வெச்சுக்கோங்க, அடுத்தவங்க குரூப்போட அரை கிலோமீட்டர் போயிட்டு ஓடி வந்தவங்க உண்டு. டூரிஸ்ட் ஆபீஸும் இதே சதுக்கத்துல தான், ஒரு மேப் வாங்கி வெச்சுக்கோங்க, அன்னைக்கு எது எத்தனை மணிக்கு மூடுறாங்கன்னும் அங்கயே கேட்டுடுங்க. நெட்ல போட்டிருக்குற நேரத்தை விட அவங்க சொல்றதை நம்புங்க.

ஊற்று 1571ல வெச்சது, எட்டு வாய், சதுக்கத்துல வந்து சேர்ற எட்டு தெருவுக்காகன்னு சொல்லுவாங்க. கைடு பேச ஆரம்பிச்சதும் ஃபோட்டோ எடுக்கப் பிரிஞ்சு போயிடாதீங்க. இந்தச் சதுக்கம் பாக்க வெறும் காபி கடை இடம் மாதிரி இருக்கும், ஆனா 1483ல ராஜா இரண்டாம் ஜுவாங் தன் சொந்தக்காரரான பிரகான்சா டியூக்கோட தலையை வெட்டச் சொன்னது இங்க தான், அதுக்கப்புறம் மத விசாரணை நீதிமன்றம் இந்த ஊர்ல இருந்தப்போ தண்டனையை அறிவிச்ச இடமும் இது தான். கைடு சொல்லலன்னா இந்தக் கல்லு மேல நின்னுக்கிட்டே ஒன்னும் தெரியாம ஐஸ்க்ரீம் சாப்பிட்டுட்டுப் போயிடுவீங்க. ஃபோட்டோவை சாயங்காலம் திரும்பி வரும்போது எடுத்துக்கலாம், வெளிச்சமும் அப்போ தான் நல்லா இருக்கும்.

கைடுக்குப் பக்கத்துல நில்லுங்க. பின்னாடி நின்னா பாதி கேக்காது, கேக்கலன்னா பேச்சு ஆரம்பிச்சுடும், பேச்சு ஆரம்பிச்சா டூர் போச்சு.

சதுக்கத்துக்கு மேக்கால இருக்குற குறுகலான சந்துகள் பழைய யூதர் குடியிருப்பு. எல்லா டூரும் அங்க போகாது. முதல்லயே கேட்டுப் பாருங்க, அந்தப் பக்கம் அஞ்சு நிமிஷம் போக முடியுமான்னு, நிறைய கைடுங்க சந்தோஷமா கூட்டிட்டுப் போவாங்க, யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருப்பாங்க.

7. ஏத்தம்: கதீட்ரல் வாசலும் ரோமன் கோயிலும்

சதுக்கத்துல இருந்து ருவா சிங்கோ தெ ஒதூப்ரோ மேல ஏறும். ரெண்டு பக்கமும் கார்க் பை, பீங்கான் தட்டு, கம்பளி விக்கிற கடை. இங்க எதுவும் வாங்காதீங்க, இப்போ வாங்குனா நாள் முழுக்கத் தூக்கணும். பிடிச்ச கடையை மனசுல வெச்சுக்கோங்க, சாயங்காலம் வரலாம். பீங்கான் வாங்கி பைல போட்டுக்கிட்டு கோபுரப் படி ஏறி உடைச்சவங்க உண்டு.

மேல ஏறினதும் கதீட்ரல், 12ஆம் நூற்றாண்டு கடைசில கட்ட ஆரம்பிச்சது, கோட்டை மாதிரி கருங்கல். ரெண்டு கோபுரமும் ஒன்னு போல இருக்காது, அதைக் கவனிங்க. வாசல் ரெண்டு பக்கமும் பளிங்குல அப்போஸ்தலர்கள் சிலை, 14ஆம் நூற்றாண்டு வேலை. கிட்டப் போய் ஒவ்வொரு முகமா பாருங்க, காலுக்குக் கீழ என்ன செதுக்கியிருக்காங்கன்னும் குனிஞ்சு பாருங்க. கைடு இங்க பேசுறப்போ நிழல் இருக்குற பக்கம் நின்னுக்கோங்க, கொஞ்ச நேரம் ஆகும். உள்ள இப்போ போக வேணாம்.

அங்கிருந்து ரெண்டு நிமிஷத்துல ரோமன் கோயில். இது கிபி முதலாம் நூற்றாண்டு. பதினாலு தூண் நிக்குது, தூண் கருங்கல், மேல இருக்குற பூவேலை எஸ்த்ரெமோஸ் பளிங்கு. டிக்கெட் கிடையாது, எந்நேரமும் பாக்கலாம், மேல மட்டும் ஏறக் கூடாது. எல்லாரும் டயானா கோயில்னு சொல்லுவாங்க, போர்டுல கூட பாப்பீங்க, ஆனா அதுக்கு ஆதாரம் இல்ல, அது 17ஆம் நூற்றாண்டுல ஒரு பாதிரியார் எழுதினதுல இருந்து ஒட்டிக்கிட்ட பேரு. ரோமப் பேரரசரை வணங்கக் கட்டுனதா இருக்கும்ங்கிறது தான் இப்போ ஆராய்ச்சியாளர்கள் சொல்றது.

கைடுகிட்ட ஒரு கேள்வி கண்டிப்பா கேளுங்க: இது எப்படி இடியாம இத்தனை வருஷம் நின்னுதுன்னு. பதில் சுவாரசியம். இடைக்காலத்துல தூணுக்கு நடுவுல சுவர் எழுப்பி கட்டடமா ஆக்கிட்டாங்க, கடைசியில ஊரோட கசாப்பு இடமா 1836 வரைக்கும் ஓடுச்சு. பயன்பாட்டுல இருந்ததால யாரும் கல்லைப் பேத்து எடுத்துட்டுப் போகல. 1870கள்ல சினாத்திங்கிற இத்தாலியக் கலைஞர் மேற்பார்வையில அந்தச் சுவரையெல்லாம் எடுத்ததுக்கப்புறம் தான் இப்போ நாம பாக்குற தூணெல்லாம் வெளியில வந்துச்சு. எனக்கு இந்த ஊர்லயே ரொம்பப் பிடிச்ச கதை இது.

கோயிலுக்கு எதிர்ல லோயோஸ் மடம், இப்போ ஹோட்டல். அதை ஒட்டின சர்ச்சுக்குத் தனி டிக்கெட், உள்ள சுவர் முழுக்க 1711ஆம் வருஷத்து நீல ஓடு. ஓடு ஓவியத்துல ஆர்வம் இருந்தா மத்தியானம் வாங்க, இல்லன்னா விட்டுடலாம், யுனிவர்சிட்டில நிறைய ஓடு பாக்கப் போறீங்க. கோயிலுக்குப் பின்னாடி இருக்குற சின்ன பார்க்ல இருந்து வடக்கால பாத்தா தூரத்துல அக்வடக்ட் தெரியும், எந்தப் பக்கம் சாயங்காலம் நடக்கப் போறோம்னு இங்கிருந்தே பாத்து வெச்சுக்கோங்க.

8. டூர் முடிஞ்சதும் சாப்பாடு, தள்ளிப் போடாதீங்க

டூர் பன்னெண்டரை வாக்குல முடியும். உடனே சாப்பிடப் போங்க. இன்னும் ஒன்னு பாத்துட்டு சாப்பிடலாம்னா வேணாம், இந்த ஊர்ல மதியச் சாப்பாடு பன்னெண்டரைல இருந்து ரெண்டரை வரைக்கும் தான், மூணு மணிக்குப் போனா சமையல் கட்டு மூடிடும், அப்புறம் சாண்ட்விச் தான்.

உக்காந்ததும் ரொட்டி, ஆலிவ், சீஸ் கொண்டு வந்து வைப்பாங்க. அது இலவசம் இல்ல, தொட்டா பில்லுல வரும். வேணாம்னா எடுத்துட்டுப் போகச் சொல்லலாம், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

அலென்தேஜோ சாப்பாட்டுல பன்றிக்கறி அதிகம். சைவம்னா அசோர்தா கேளுங்க, பூண்டு, பச்சைக் கொத்தமல்லி, ஆலிவ் எண்ணெய் மூணையும் இடிச்சு சுடுதண்ணி ஊத்தி காஞ்ச ரொட்டியும் முட்டையும் போட்டது, ரசத்துல ரொட்டி ஊற வெச்ச மாதிரி இருக்கும், அம்மாங்க எல்லாருக்கும் பிடிச்சுடும். ஆனா சில கடையில மீன் வேக வெச்ச தண்ணியை ஊத்துவாங்க, அதனால ஆர்டர் பண்றப்பவே கறி வேணாம், மீனும் வேணாம், மீன் தண்ணியும் வேணாம்னு தெளிவா சொல்லுங்க, ஃபோன்ல போர்த்துகீஸ்ல எழுதிக் காட்டினா இன்னும் நல்லது. முட்டையும் சாப்பிடாதவங்கன்னா லிஸ்பன்ல இருந்தே கட்டிக்கிட்டு வாங்க, தயிர்சாதமோ புளிசாதமோ, சாவ் பிரான்சிஸ்கோ பக்கத்துல இருக்குற பொதுப் பூங்காவுல நிழல்ல உக்காந்து சாப்பிடலாம், மயில் சுத்தி வரும்.

இனிப்புல கெய்ஜாதா ஒன்னு வாங்கிப் பாருங்க, செம்மறி ஆட்டுப்பால் சீஸ்ல செய்றது, அதுலயும் முட்டை இருக்கு.

9. மத்தியானம்: உள்ள போற நேரம்

ரெண்டு மணிக்கு மேல முதல்ல யுனிவர்சிட்டி, அப்புறம் கதீட்ரல். மாத்தாதீங்க. ரெண்டு மணிக்குக் கதீட்ரல் மொட்டைமாடி நெருப்பா இருக்கும், யுனிவர்சிட்டி தடிமனான சுவரும் ஓடும் போட்ட கட்டடம், குளுகுளுன்னு இருக்கும். நாலு மணி வாக்குல மாடிக்குப் போனா வெயில் இறங்கிடும், ஆனா மூடுறதுக்கு முன்னாடியே மேல ஏற விடுறதை நிறுத்திடுவாங்க, கடைசி நேரம் எதுன்னு காலையில டூரிஸ்ட் ஆபீஸ்ல கேட்டது இங்க தான் உதவும்.

யுனிவர்சிட்டி 1559ல ஏசு சபைக்காரங்களுக்காக ஆரம்பிச்சது, 1759ல அவங்களைத் துரத்தினப்போ மூடுனாங்க, 1973ல தான் மறுபடி திறந்தாங்க. முற்றத்தைச் சுத்தி வகுப்பறைகள், ஒவ்வொன்னுலயும் சுவர் ஓடுல அந்த வகுப்புல நடத்தின பாடத்துக்கேத்த படம், பிளேட்டோ சீடர்களுக்குப் பாடம் சொல்றது, அரிஸ்டாட்டில் அலெக்சாண்டருக்குச் சொல்லிக்குடுக்குறதுன்னு. முற்றத்தை ஒரு சுத்து சுத்திட்டுப் போயிடாதீங்க, ரூம் ரூமா கதவு திறந்திருக்குறதுல எல்லாம் உள்ள போங்க. இப்பவும் க்ளாஸ் நடக்குற ரூமுங்க, பசங்க உள்ள இருந்தா அடுத்ததுக்குப் போயிட்டு திரும்பி வாங்க.

நம்ம ஆளுங்களுக்கு இங்க ஒரு காரணம் கூடுதலா இருக்கு. ராமநாதபுரம் பக்கம் ஓரியூர்ல 1693ல கொல்லப்பட்ட அருளானந்தர், லிஸ்பன்ல பிறந்த ஜுவாங் தெ பிரித்தோ, ஏசு சபையில சேர்ந்தப்புறம் படிச்ச ஊர்ல இது ஒன்னு. இங்கிருந்து உடம்புக்கு ஒத்துக்காம கோயிம்ப்ராவுக்குப் போனாரு. ஓரியூர் போயிட்டு வந்த குடும்பத்தைக் கூட்டிட்டு வந்தா இந்த முற்றத்துல கொஞ்ச நேரம் விடுங்க, அவசரப்படுத்தாதீங்க. எந்த டூர்லயும் இதைச் சொல்ல மாட்டாங்க, நீங்க தான் சொல்லணும்.

அப்புறம் கதீட்ரல். டிக்கெட் எடுக்குறப்போ சர்ச், க்ளாய்ஸ்டர் (சுத்தி நடைபாதை இருக்குற உள் முற்றம்), மொட்டைமாடி மூணும் சேர்ந்ததா கேட்டு வாங்குங்க. முதல்ல மாடி, அப்புறம் க்ளாய்ஸ்டர், கடைசியில சர்ச். படி சுருளா குறுகலா இருக்கும், மேல இருந்து வர்றவங்களுக்கு ஒதுங்கணும், முதுகுப் பையை முன்னாடி மாட்டிக்கோங்க. முட்டி வலிக்காரங்க ஏற வேணாம், க்ளாய்ஸ்டர்லயே உக்காரட்டும். சர்ச்சுக்குள்ள கர்ப்பிணி மாதா சிலை ஒன்னு இருக்கு, அதைத் தேடிப் பாருங்க, நிறைய பேர் தாண்டிப் போயிடுறாங்க. பழைய ஆர்கன் 16ஆம் நூற்றாண்டு, 1584ல ரோமுக்குப் போற வழியில ஜப்பான் தூதுக் குழுவுல வந்த பசங்க ரெண்டு பேர் இந்த சர்ச்சுல ஆர்கன் வாசிச்சிருக்காங்க.

10. அக்வடக்ட், வெயில் தாழ்ந்தப்புறம்

சதுக்கத்துக்கு இறங்கி வாங்கணும்னு நினைச்சதை இப்போ வாங்கிக்கோங்க, அப்புறம் வடக்கால நடங்க. வழியில பிராசா தோ செர்தோரியோவுல முனிசிபல் ஆபீஸ், உள்ள 1987ல கண்டுபிடிச்ச ரோமன் குளியல் மண்டபம், இலவசம். ஆபீஸ் மூடுற நேரத்துக்கு முன்னாடி போகணும், லேட்டாகும்னு தோணினா டூர் முடிஞ்ச உடனே சாப்பாட்டுக்குப் போற வழியிலயே பாத்துடுங்க. அஞ்சு நிமிஷ வேலை தான்.

அங்கிருந்து ருவா தோ கானோ. இந்த அக்வடக்ட் 1531ல இருந்து 1537 வரைக்கும் கட்டுனது, பிரான்சிஸ்கோ தெ அர்ருதா, லிஸ்பன்ல பெலேம் கோபுரம் கட்டுன அதே ஆள். சுமார் 18 கிலோமீட்டர் தூரத்துல இருந்து தண்ணி கொண்டு வந்தாங்க. நீங்க தெருவோட மேல் முனையில இருந்து மதில் பக்கமா இறங்குங்க, எதிர்ப் பக்கமா வராதீங்க. தண்ணி ஓடுற மட்டம் மாறாது, தெரு தான் இறங்குது, அதனால ஆரம்பத்துல தலைக்கு மேல இருக்குற வளைவு நடக்க நடக்க உயர்ந்துகிட்டே போகும், அந்த வளைவுகளுக்கு நடுவுல வீடு கட்டி கதவு ஜன்னல் வெச்சு ஜனங்க குடியிருக்காங்க. அவங்க வீடு அது, ஜன்னல் வழியா எட்டிப் பாக்காதீங்க, கதவு முன்னாடி உக்காந்து ஃபோட்டோ எடுக்காதீங்க.

தெரு முடியற இடத்துல மதிலைத் தாண்டி வெளியில நின்னு திரும்பிப் பாருங்க, வளைவு முழு உயரத்துல தெரியும்.

11. திரும்புறது

அங்கிருந்து மதிலோட வெளிப்பக்கமா மேக்கால நடந்தா கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல பஸ் ஸ்டாண்ட். கடைசி பஸ் எப்போன்னு காலையிலயே பாத்து வெச்சிருக்கணும், ஞாயிறு சாயங்காலம் லிஸ்பன் திரும்புற மாணவர்களால பஸ் நிரம்பிடும், அன்னைக்கு மட்டும் சீட்டை முன்னாடியே எடுத்துடுங்க.

நடுவுல நேரம் மிச்சமிருந்தா அல்மென்த்ரெஸ் கல்வட்டத்துக்கு ஓடிட்டு வரலாமான்னு எல்லாரும் கேப்பாங்க. வேணாம். ஊருக்கு மேக்கால 15 கிலோமீட்டர் வாக்குல இருக்கு, பஸ் கிடையாது, கடைசிப் பகுதி மண் ரோடு. அதைப் பாக்கணும்னா எவோரால ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் விடியக்காலம் டாக்ஸியோ வாடகைக் காரோ எடுத்துப் போங்க, டாக்ஸின்னா திரும்பி வர்றதுக்கும் சேத்துப் பேசி அங்கயே நிக்கச் சொல்லுங்க.